வாந்தி எடுக்காத பிள்ளைகள்

சேசு மரி சூசை துணை
சூசையார்துறை
2.2.2025

எனக்க தங்கச்சி பிரிஜாவுக்கு,

உன்னை சிஸ்டர்னு எழுத எனக்குக் கை வரல்ல, உங்க மதர் கோவிச்சாலும் சரி. முட்டுவலி தவிர இங்க சுகம். காத்து அடிக்கதுனால அத்தான் ரெண்டு நாளா கடலுக்குப் போகல்ல. உனக்கு அந்த இருமல் மாறியா? மடத்துத் தரையில வெறுங்காலோட நடக்காண்டாம்.

உனக்க மதில்சுவருக்குள்ள போனும் கிடையாது, பேப்பரும் கிடையாது. அதனால நானே சொல்லணும். போன புதன்கிழமை நம்ம ஸ்கூல்ல தக்காளிச் சோறும் அவிச்ச முட்டையும். அறுபத்திரண்டு பிள்ளையள் சாப்பிட்டுது. ரெண்டு மணிக்கு அஞ்சாம் கிளாஸ்ல ஒண்ணு வாந்தி எடுத்துது. மூணு மணிக்குள்ள பதினேழு ஆச்சு. ஆட்டோவிலயும் மீன் வண்டியிலயுமா ஏத்தி நாகர்கோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். எல்லாம் வீட்டுக்கு வந்தாச்சு. நாலாம் கிளாஸ் பிளஸ்ஸி மட்டும் நாலு நாள் கிடந்தா. சிஸ்டர்மார் அவளுக்காக ஜெபிச்சுக்கிடுங்க.

முட்டைதான்னு ஊரே சொல்லுது. ஸ்கூல்ல பதினோரு வருஷமா சமைக்கேன், இப்படி ஒரு நாள் வந்ததில்ல. பூங்கனியைப் பத்தி எழுதியிருக்கேன்லா, எனக்கு உதவியா நிக்கவ, ரோட்டுக்குக் கிழக்க வீடு. அவதான் முட்டை உரிச்சா. மகளுக்குக் கல்யாண ஆலோசனை வந்த கதையைச் சொல்லிச் சிரிச்சிட்டே உரிச்சா. ஆஸ்பத்திரி வராந்தாவுல என்னைவிட அவதான் அதிகம் அழுதா. எங்க ரெண்டு பேரையும் வேலைக்கு வராண்டாம்னு நிறுத்தி வச்சிருக்காவ. வெள்ளிக்கிழமை விசாரணை.

ஒரு தப்பு எனக்க மேல உண்டு. சமைச்சதுல கொஞ்சம் சாம்பிள் எடுத்து மூடி வைக்கணும்னு சட்டம். அன்னைக்கு மறந்துட்டேன். அது இருந்திருந்தா சோதிச்சுப் பாத்திருக்கலாம். இப்ப, ‘மறைக்கதுக்குத்தான் எடுத்து வைக்கல்ல’ன்னு சொல்லுகாவ.

எனக்கு நல்ல பேரு வரணும்னு ஜெபிக்காண்டாம். என்ன நடந்துதுன்னு தெரியணும், அதுக்கு ஜெபி.

உனக்க அக்கா
இசபெல்

*

கார்மேல் மடம்
11.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவின் சமாதானம் உன்னோடு இருக்கட்டும். இருமல் குறைந்துவிட்டது. தோட்டத்தில் வெண்டை காய்க்கிறது. உன் முட்டுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்.

பிளஸ்ஸிக்காக ஒன்பது நாள் ஜெபம் தொடங்கியிருக்கிறோம். அக்கா, நான் உன் கையால் தின்று வளர்ந்தவள். அம்மா படுத்த நாளிலிருந்து நீதான் எனக்குச் சோறு போட்டாய், ஒரு நாளாவது எனக்கு வயிறு வலித்ததுண்டா? உன் சமையலில் தப்பு வந்திருக்கவே முடியாது. இதை நான் யார் முன்னாலும் சொல்வேன். கலங்காதே. நல்லவர்களுக்குக் கெட்டது நடந்தாலும் உண்மை வெளியே வரும்.

அத்தானுக்கு என் அன்பு. விசாரணையில் என்ன ஆயிற்று என்று எழுது.

உன் தங்கை
பிரிஜா

*

சூசையார்துறை
17.2.2025

பிரிஜா மக்கா,

கடுதாசி கிடைச்சுது. அத்தானுக்கு வாசிச்சுக் காட்டினேன், கண்ணைத் தொடச்சாரு. அவருக்கு சுகம். எனக்கும் உண்டு.

நீ எழுதினது எனக்கு ஆறுதலாத்தான் இருந்துது. ஆனா அதை ரெண்டாவது மட்டம் வாசிச்சப்ப பயம் வந்துது. நான் நல்லவ, அதனால எனக்க முட்டை கெடாதுன்னு நீ சொல்லுதா. மேலத்தெரு சுனிதா, பிளஸ்ஸிக்க அம்மை, எனக்க புருஷன் குடிகாரன், அதனால எனக்க சோறு விஷம்னு சொல்லுதா. ரெண்டும் ஒரே வழில போற பேச்சுதானே. முட்டைக்கு ஆளைத் தெரியுமா? நல்லவ கையிலயும் கெட்டுப் போவும், கெட்டவ கையிலயும் நல்லா இருக்கும். எனக்கு அனுகூலமா இருக்குன்னு ஒரு பேச்சை நான் எடுத்துக்கிட்டா, நாளைக்கு அதே பேச்சை எனக்கு எதிரா ஒருத்தர் எடுக்கும்போ வாய் திறக்க முடியாது.

விசாரணை முடிஞ்சுது. ஆபீசர் கேட்டதுக்குப் பதில் சொன்னேன். ரிப்போர்ட் வர நாள் ஆகுமாம், அதுவரைக்கும் எனக்கு வேலை இல்ல.

ஒண்ணு மட்டும் தலைக்குள்ள சுத்துது. எல்லாரும் அந்தப் பதினேழையே எண்ணுகாவ. சாப்பிட்டது அறுபத்திரண்டு. மிச்சம் நாப்பத்தஞ்சு பிள்ளையள் அதே பாத்திரத்துச் சோத்தைத் தின்னுட்டு சாயந்தரம் கடப்புறத்துல பந்து விளையாடிச்சுது. அதுகள்ட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல்ல. நான் கேக்கப் போறேன்.

இருமலுக்கு மிளகுக் கஷாயம் குடி.

இசபெல்

*

கார்மேல் மடம்
1.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். அத்தானும் நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

நீ என்னைத் திருத்தியது சரி. கோபம் இல்லை, கொஞ்சம் வெட்கம்தான். உன்மேல் எனக்கிருக்கும் நம்பிக்கை நம்பிக்கைதான். அது சாட்சி ஆகாது.

சாம்பல் புதனோடு தவக்காலம் தொடங்குகிறது. உயிர்த்த ஞாயிறு வரை நாங்கள் கடிதம் எழுதுவதில்லை. வருகிற கடிதங்களை மதர் வாங்கி வைத்து, பெருநாள் கழிந்து தருவார்கள். இருந்தாலும் நீ எழுது. நான் வாசிக்காத நாட்களிலும் உன்னை நினைத்துக்கொண்டிருப்பேன்.

பூங்கனி எப்படி இருக்கிறாள்? அவளுக்கும் வேலை திரும்பக் கிடைக்குமா? நீ எழுதவில்லையே.

உன் தங்கை
பிரிஜா

*

சூசையார்துறை
16.3.2025

பிரிஜா,

நீ பெருநாள் கழிஞ்சுதான் வாசிப்பா. பரவாயில்ல, எழுதினா எனக்குத் தெளியுது. உடம்புக்கு ஒண்ணும் இல்ல, வெயிலுதான்.

ஒரு நோட்டு வாங்கி அறுபத்திரண்டு பேரையும் எழுதினேன். தினமும் நாலு வீடு. பாதி வீட்டுல வாசல்லயே நிறுத்தினாவ. சுனிதா வீட்டுல என்ன நடந்துதுன்னு அப்படியே எழுதுதேன்.

“எங்கிட்ட கேக்க என்ன இருக்கு? எனக்க பிள்ளை எடுத்த வாந்தியில முட்டைதான் கிடந்துது. இந்தக் கண்ணால பாத்தேன்.”

“கடைசியாத் தின்னது முட்டை, சுனிதா. அதான் முதல்ல வெளிய வந்திருக்கு. வெளிய வந்ததுனால அதுதான் கெடுத்துதுன்னு ஆகுமா?”

“முட்டை தின்னா, வாந்தி எடுத்தா. இதுக்கு மேல என்ன வேணும்?”

“முட்டை தின்ன பிறகு மணியும் அடிச்சுது. மணி அடிச்சதுனாலயா வாந்தி எடுத்தா?”

கதவைச் சாத்திட்டா. நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. நாலு நாள் ஆஸ்பத்திரில பிள்ளைக்க காலைப் பிடிச்சிட்டு இருந்தவகிட்ட நான் ஜெயிக்கணும்னு பேசிட்டேன். அடுத்த நாளும் போனேன். பேசாம முற்றத்துல நின்னேன். பிளஸ்ஸிதான் வந்து, “அன்னைக்கு நான் ரெண்டு முட்டை தின்னேன் மாமி, நல்லாயிருந்துது”ன்னு சொன்னா.

அத்தான் விட்டுத் தள்ளச் சொல்லுகாரு. “ஊரு முழுக்க ஒண்ணு சொல்லும்போ நீ ஒருத்தி என்ன செய்வா?” “ஊரு முழுக்க ஒருத்தர் சொன்னதைத்தான் மத்தவங்க சொல்லுகாவ. நான் அந்த முதல் ஆளைத் தேடுதேன்”னு சொன்னேன். மறுநாள் கூட வந்தாரு.

இசபெல்

*

சூசையார்துறை
3.4.2025

பிரிஜா,

சுகம்தானே? இங்க அத்தானுக்குக் கையில முள்ளு குத்தி வீங்கி, இப்ப கொள்ளாம்.

நோட்டு முடிஞ்சுது. கேளு. ஒண்ணு, ரெண்டு, மூணு கிளாஸ்ல முப்பத்தெட்டு பிள்ளையள். ஒண்ணைத் தவிர ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. நாலும் அஞ்சும் ஒரே ரூம்ல இருக்கும், இருபத்திநாலு பிள்ளையள். பதினேழுல பதினாறு அந்த ரூம்லதான். முட்டைக்குக் கிளாஸ் தெரியாது. அப்ப அந்த ரூம்ல என்னவோ நடந்திருக்கணும்.

ஒண்ணாம் கிளாஸ்ல வாந்தி எடுத்த அந்த ஒருத்தன் ஜெஃப்ரின். அவனை விட்டுட்டா எனக்க கணக்கு அழகா நிக்கும். ரெண்டு நாள் அவனை விட்டுடலாம்னே நினைச்சேன், ‘ஒருத்தன்தானே’ன்னு. பிறகு மனசு கேக்கல்ல. அவன் வீட்டுக்குப் போனேன்.

“நீ அன்னைக்கு வேற என்னலே தின்னா?”

அவன் அக்காவைப் பாத்தான். அவ அஞ்சாம் கிளாஸ். “பன்னு”ன்னு சொன்னா. “எனக்குத் தந்ததுல பாதி அவனுக்குக் குடுத்தேன்.”

அன்னைக்கு அந்த ரூம்ல ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள். அப்பன் எபிசன் மஸ்கட்ல இருந்து லீவுக்கு வந்தவன். பதினோரு மணி இன்டர்வல்ல இருபது கிரீம் பன் கொண்டு வந்து குடுத்திருக்கான். நாலு பிள்ளையளுக்குக் கிடைக்கல்ல. அந்த நாலுக்கும் ஒண்ணும் ஆகல்ல.

இப்பவே கோயில் முற்றத்துல நின்னு கத்தணும்போல இருக்கு.

இசபெல்

*

சூசையார்துறை
14.4.2025

பிரிஜா,

நேத்து குருத்தோலை ஞாயிறு. வெயில்ல பவனி போயி தலைவலி, வேற சுகக்கேடு இல்ல.

நான் கத்தல்ல. பன்னு தின்னாவ, வாந்தி எடுத்தாவ, அதனால பன்னுன்னு நான் சொன்னா, சுனிதாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அதனால பன்னு கிடைச்சும் தின்னாத பிள்ளை உண்டான்னு தேடினேன். ஒண்ணே ஒண்ணு, முத்துக்கனிக்க மக. அவளுக்குக் கிரீம் பிடிக்காது. முட்டை தின்னா, பன்னை அம்மைக்குன்னு பைக்குள்ள வச்சு வீட்டுக்குக் கொண்டு போனா. அவளுக்கு ஒண்ணும் இல்ல.

முத்துக்கனி மீன் ஏலத்துக்குப் போறவ. ஸ்கூல் முட்டையைக் கண்ணால கண்டதில்ல. அஞ்சு மணிக்குப் பன்னைத் தின்னிருக்கா. ஏழரை மணிக்கு வாந்தி. ரெண்டு நாள் கஞ்சி குடிச்சிட்டு வீட்டுலயே கிடந்திருக்கா.

“இதை ஏன் ஒருத்தர்ட்டயும் சொல்லல்ல?”ன்னு கேட்டேன்.

“எங்கிட்ட யாரு கேட்டாவ? பிள்ளையளைப் பத்தித்தானே கேட்டாவ.”

ஒரே வீட்டுல ரெண்டு பேரு. முட்டை தின்னவ எழும்பி நடந்தா, பன்னு தின்னவ படுத்தா. மூணு பிள்ளையள் பன்னு தின்னும் ஒண்ணும் ஆகல்ல. ஏன்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னே நோட்டுல எழுதியிருக்கேன்.

எபிசன்ட்ட தனியாச் சொன்னேன். முந்தின நாள் சாயந்தரமே டவுன்ல வாங்கிட்டு வந்து, ராத்திரி முழுக்க அடுப்பாங்கரை அலமாரில வச்சிருக்கான். தலையில கை வச்சு உக்காந்துட்டான். அவன் ஆசையா வாங்கினது. அவன்மேல யாரும் கல்லெறியாண்டாம்.

பெருநாள் வாழ்த்து இப்பவே சொல்லிடுதேன்.

இசபெல்

*

கார்மேல் மடம்
25.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி உனக்கும் அத்தானுக்கும். என் உடம்பு நன்றாக இருக்கிறது. அத்தானின் கை முழுதும் ஆறிவிட்டதா?

மூன்று கடிதங்களையும் ஒரே மதியத்தில் வாசித்தேன். நீ என் அக்கா என்று பெருமைப்பட்டேன். ஜெஃப்ரினை விட்டுவிடாத இடத்தை இரண்டு முறை வாசித்தேன்.

ஆனால் ஒன்றாக வாசித்ததால் ஒன்று தெரிந்தது. உன் முதல் கடிதம் முழுக்கப் பூங்கனி இருந்தாள். விசாரணைக்குப் பிறகு அவள் பெயரே இல்லை. நான் கேட்டும் இல்லை. அறுபத்திரண்டு பிள்ளைகளின் வீடும் ஏறியவள் பூங்கனி வீட்டுக்குப் போனதாக எழுதவில்லை.

என் பாவத்தையும் சொல்கிறேன். நீ தப்பு செய்திருக்க முடியாது என்று முடிவு செய்த அன்றே, அப்படியானால் பூங்கனிதான் என்று என் மனம் போய்விட்டது. அவள் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. ஒரு மாதம் அவள் மனம் திரும்ப ஜெபித்தேன். யாராவது ஒருத்தி செய்திருக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது?

அக்கா, விசாரணையில் உன்னிடம் என்ன கேட்டார்கள்? நீ என்ன சொன்னாய்?

உன் தங்கை
பிரிஜா

*

சூசையார்துறை
1.6.2025

பிரிஜா,

அஞ்சு வாரமா உனக்க கடுதாசி வேதப்புத்தகத்துக்குள்ள இருந்துது. தினமும் எடுப்பேன், வைப்பேன். உடம்பு சுகம். மனசு இன்னைக்குத்தான் கொஞ்சம் சுகம்.

ஆபீசர் கேட்டது இவ்வளவுதான்: “ரெண்டே பேரு சமையல்கட்டுல. ஒண்ணு நீ, இல்லைன்னா அவ. யாரு?”

நான் சொன்னேன்: “முட்டை உரிச்சது பூங்கனி. கை கழுவினாளான்னு எனக்குத் தெரியாது.”

அவ கழுவினா. சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவினதை நான் பாத்தேன். தெரியாதுன்னு சொன்னேன். அவ கதவுக்கு வெளிய நின்னு கேட்டா. அன்னைக்கே அவளை வேலையை விட்டு நீக்கிட்டாவ. அவளுக்க மகளுக்கு வந்த கல்யாண ஆலோசனையும் முறிஞ்சுபோச்சு, ‘பிள்ளையளுக்கு விஷம் குடுத்தவ வீடு’ன்னு.

ரெண்டுல ஒண்ணுன்னு கேட்டப்ப, ரெண்டும் இல்லாம மூணாவதா ஒண்ணு இருக்கலாம்னு எனக்குத் தோணல்ல. தோணாதது தப்பில்ல. பாத்ததைத் தெரியாதுன்னது தப்பு. நோட்டு எடுத்துட்டு வீடு வீடா ஏறினதெல்லாம் உண்மைக்குன்னு உனக்கு எழுதினேன். உண்மைக்குத்தான். ஆனா பூங்கனி வீட்டுத் திசையை மட்டும் விட்டுட்டு ஏறினேன்.

புதன்கிழமை ஆபீசர்ட்ட போனேன், முத்துக்கனியையும் கூட்டிட்டு. நோட்டு முழுக்க வாசிச்சாரு. “சரி, ஸ்கூல் திறந்ததும் நீ வேலைக்கு வா”ன்னாரு.

“பூங்கனி?”

“நீ உன் வேலையைப் பாரும்மா.”

“சார், நான் முதல்ல குடுத்த வாக்குமூலத்தைத் திருத்தணும். அவ கை கழுவினா. நான் பாத்தேன்.”

அவரு பேனாவைக் கீழ வச்சாரு. “அப்ப அன்னைக்குச் சொன்னது பொய். ஒருக்கா பொய் சொன்னவ இப்ப கொண்டு வந்த நோட்டை நான் எப்படி நம்ப?”

பிரிஜா, அந்தக் கேள்வி எனக்கு வேண்டியதுதான். ஆனா சொல்லிட்டேன். “என்னை நம்பாண்டாம் சார். நான் பொய்க்காரிதான், அதையும் எழுதிக்கிடுங்க. ஆனா நோட்டுல உள்ளது நான் சொல்லுததுனால உண்மையாகல்ல, பொய்யாகவும் ஆகாது. பேரும் வீடும் இருக்கு. ஆள் விட்டுக் கேளுங்க. அது முடியுத வரைக்கும் எனக்கு வேலை வேண்டாம்.”

அவரு புதுசா ஒரு தாள் எடுத்தாரு.

நாளைக்கு ஸ்கூல் திறக்குது. நான் போகல்ல.

இசபெல்

*

கார்மேல் மடம்
10.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மழை தொடங்கிவிட்டது. எல்லோரும் சுகம். நீயும் அத்தானும் சுகம் என்றே நம்பியிருக்கிறேன்.

உன் கடிதத்தை மதரிடம் காட்டவில்லை. எனக்கென்று வைத்துக்கொண்டேன். உன்னைத் தேற்ற ஒரு வார்த்தை எழுதி, அடித்துவிட்டேன். அது உனக்கு இப்போது வேண்டியதில்லை என்று தோன்றியது.

ஆபீசரிடம் சொல்லிவிட்டாய். அவளிடம் சொன்னாயா?

உன் தங்கை
பிரிஜா

*

சூசையார்துறை
6.7.2025

பிரிஜா மக்கா,

இங்க தென்மேற்குக் காத்து, படகெல்லாம் கரையில. அத்தான் வலை பின்னுகாரு. எனக்க முட்டு மழைக்குக் கூடுதல், சமாளிக்கேன். நீ சூடு வெள்ளம் குடி.

உனக்க கடுதாசி கிடைச்ச அன்னைக்கே போனேன். பூங்கனி அப்ப அண்டி ஆபீஸ்ல வேலை, முந்திரிக்கொட்டை உடைச்சு விரலெல்லாம் கறுத்துப்போயிருந்துது. என்னை உள்ள வான்னு சொல்லல்ல. நின்னுட்டே சொன்னேன், எல்லாத்தையும்.

“நீங்க அன்னைக்கு என்னைப் பாத்தீங்கதானே அக்கா?”

“பாத்தேன்.”

“அப்ப ஏன்?”

“பயந்தேன். வேற காரணம் இல்ல.”

அவ கறுத்த விரலைத் தேச்சா. பிறகு, “இதை எங்கிட்ட சொல்லி எனக்கு என்ன? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க”ன்னா.

அதுவும் சரிதான். ஆபீசர் அனுப்பின ஹெல்த் இன்ஸ்பெக்டர் நோட்டுல உள்ள வீடெல்லாம் ஏறிக் கேட்டாரு. ரெண்டு பேர் மேலயும் குற்றம் இல்லன்னு எழுதிட்டாரு. சாம்பிள் வைக்காததுக்கு எனக்கு எச்சரிக்கை, அது நியாயம். ரெண்டு பேருக்கும் திரும்ப வேலைக்கு வர ஆர்டர் வந்துது. எபிசன் லீவு முடியதுக்கு முன்ன அவனாவே சுனிதா வீட்டுக்குப் போய்ச் சொன்னானாம். சுனிதா எனக்க முகத்தைப் பாக்கதில்ல இன்னும்.

போன ஞாயிறு பூசை முடிஞ்சு ரோட்டுக்குக் கிழக்க போனேன். பூங்கனிக்க ஆளுவ அய்யாவழிக்காரங்கள்லா, அவிய நிழல்தாங்கல்ல கும்பிட்டு முடிச்சு வெளிய வந்த நேரம். அம்பது பேரு இருக்கும். எனக்க பேரைச் சொன்னேன். பூங்கனி கை கழுவினதை நான் பாத்தேன், ஆபீசர் கேட்டப்ப தெரியாதுன்னு சொன்னேன், பிள்ளையளுக்கு சுகமில்லாம ஆனது எங்க சோத்துனால இல்லன்னு சொன்னேன். ஒரு பெரியவர், “இப்ப வந்து சொல்லி என்ன, அந்தப் பெண்ணுக்க ஆலோசனை போச்சே”ன்னாரு. போச்சுதான். தலையைக் குனிஞ்சு நின்னேன். பூங்கனி கூட்டத்துக்குப் பின்னால நின்னா.

திங்கள்கிழமை காலையில எட்டரைக்கு நான் அடுப்பு பத்த வச்சிட்டிருக்கேன், அவ வந்தா. பையை ஆணில மாட்டினா. அரிசியைப் புடைச்சா, கழுவினா. நான் சாம்பிளை எடுத்து மூடி தேதி ஒட்டினேன். மத்தியானம் அவ தனியா உக்காந்து சாப்பிட்டா. ஆறு நாளாச்சு, உப்பு, தண்ணின்னு வேலைப் பேச்சு மட்டும்தான்.

அத்தான் சொல்லுகாரு, “வந்துட்டாள்லா, அப்ப மன்னிச்சிட்டா.” நான் அப்படி எடுத்துக்கிடல்ல. வந்திருக்கா. நான் பாத்தது அவ்வளவுதான், உனக்கும் அவ்வளவுதான் எழுத முடியும்.

மழையில நனையாண்டாம். எல்லா சிஸ்டர்மாருக்கும் எனக்க வணக்கம் சொல்லு. நாளைக்கும் ஸ்கூல் உண்டு, படுக்கப் போறேன்.

உனக்க அக்கா
இசபெல்